‘ஆடிட்டர் என்ன பண்ணிட்டு இருந்தாரு’ன்னு கேட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு கம்பெனி கணக்குல நடந்த கோல்மாலைப் பத்தி அரைப்பக்கம் எழுதியிருந்தீங்க. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க, ஆனா கடைசி வரியில ‘இத்தனை வருஷமா ஆடிட்டர் என்ன பண்ணிட்டு இருந்தாரு’ன்னு ஒரு கேள்வியைப் போட்டுட்டு அப்படியே முடிச்சுட்டீங்க. அன்னைக்கு காலையில இருந்து என் போன்ல அந்தப் பக்கத்தோட போட்டோ நாலு பேர்கிட்ட இருந்து வந்துடுச்சு, அதுல ஒருத்தர் என் சொந்த சித்தப்பா, கூடவே ஒரு சிரிப்பு பொம்மை வேற. நான் 22 வருஷமா கொங்கு பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல சிஏ பிராக்டிஸ் பண்றேன், நானு, ஒரு பார்ட்னர், மூணு ஆர்ட்டிகிள் பசங்க (எங்ககிட்ட தொழில் பழகற சிஏ மாணவங்க), டேலி எண்ட்ரி போடற ஒரு அக்கா, அவ்ளோதான் ஆபீஸ். அந்தக் கேள்விக்கு என்னோட பதில் கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல எங்க இன்ஸ்டிடியூட்டைப் பத்தி சொல்லிடறேன், ஏன்னா ஊர்ல பாதிப் பேருக்கு அது சிஏ பரீட்சை நடத்தி பசங்களை ஃபெயில் பண்ற இடம்னு மட்டும்தான் தெரியும். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1949 ஜூலை 1ல பார்லிமெண்ட் போட்ட சட்டத்துல உருவானது, நம்ம அரசியல் சட்டம் நடைமுறைக்கு வர்றதுக்கு ஆறு மாசத்துக்கும் மேல முன்னாடியே வந்தாச்சு. பரீட்சை நடத்தறது ஒரு வேலை, ஆனா அதைவிடப் பெரிய வேலை ரெண்டு இருக்கு. கணக்கு எப்படி எழுதணும் எப்படி ஆடிட் பண்ணணும்னு ஸ்டாண்டர்ட் போடறது ஒண்ணு, அதை மீறினவங்களை விசாரிச்சு மெம்பர்ஷிப்பையே பிடுங்கறது இன்னொண்ணு. இன்னைக்கு நாலு லட்சத்துக்கு மேல மெம்பர்ஸ். சின்னத்துல கடோபநிஷத் வரி ஒண்ணு இருக்கும், ‘தூங்கறவங்க நடுவுல எவன் முழிச்சிருக்கானோ’ங்கிற அர்த்தத்துல, ஸ்ரீ அரவிந்தர் எடுத்துக் குடுத்ததுன்னு சொல்லுவாங்க. செப்டம்பர் மாசம் டாக்ஸ் ஆடிட் சீசன்ல எங்க ஆபீஸ் பக்கம் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து பாத்தீங்கன்னா அந்த வரி எவ்ளோ நிஜம்னு தெரியும்.

இன்னொண்ணும் சொல்லிக்கறேன், நான் பொம்பளைங்கிறதால இதுல எனக்கு கொஞ்சம் பெருமை உண்டு. இந்தியாவுல முதல் பெண் ஆடிட்டர் நம்ம சென்னைக்காரங்கதான், ஆர். சிவபோகம். 1933லயே கணக்குப் பரீட்சை பாஸ் பண்ணினவங்க, சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்கும் போனவங்க, அப்புறம் 1955ல இருந்து 1958 வரைக்கும் தென்னிந்திய வட்டாரக் கவுன்சிலுக்குத் தலைவரா இருந்தாங்க. நான் ஆர்ட்டிகிள் சேர்ந்தப்போ க்ளையண்ட் ஆபீசுக்குப் போனா ‘ஆடிட்டர் வரலீங்களா, உங்களை மட்டும் அனுப்பிட்டாரா’ன்னு கேப்பாங்க, அப்பெல்லாம் அந்தம்மாவை நெனச்சுக்குவேன்.

சரி விஷயத்துக்கு வரேன். உலக அளவுல கணக்காளர் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து 1977ல ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சாங்க, ஐஃபாக்னு சொல்லுவோம், அதுல எங்க இன்ஸ்டிடியூட் முதல் நாள்ல இருந்தே மெம்பர். இப்ப 130க்கும் மேல நாட்டு அமைப்புகள் அதுல இருக்கு. அதுல மெம்பரா இருக்கணும்னா ஏழு கடமை எழுதி வெச்சிருக்காங்க. ஆடிட் தரத்தை வெளியாள் வெச்சு சோதிக்கணும், படிப்பும் பயிற்சியும் உலகத் தரத்துல இருக்கணும், ஆடிட் ஸ்டாண்டர்ட், ஒழுக்க நெறி, அரசாங்கக் கணக்கு, கம்பெனிக் கணக்கு இதுக்கெல்லாம் சர்வதேச விதிகளை உள்நாட்டுல கொண்டு வரணும், தப்புப் பண்ணினவனை விசாரிச்சு தண்டிக்கணும். சட்டம் போடற அதிகாரம் அரசாங்கத்துக்கிட்ட இருக்கற விஷயத்துல அந்த அமைப்பு தன்னால முடிஞ்ச வரைக்கும் முட்டி மோதணும், சும்மா உக்காந்துட்டு எங்க கையில இல்லைன்னு சொல்லக் கூடாது. இதுதான் ஒப்பந்தம்.

இது ஏதோ டெல்லியில கோட்டு சூட்டு போட்டவங்க பேசற சமாச்சாரம்னு நெனைக்காதீங்க. எங்க ஆபீஸ் அலமாரியில இருக்கற ஃபைல் வரைக்கும் இது வருது. பேங்க்குக்கு நேரா லெட்டர் போட்டு பேலன்ஸ் உறுதி வாங்கறதுக்கு உலகத்துல ஐஎஸ்ஏ 505ங்கிற ஆடிட் ஸ்டாண்டர்ட்னா எங்களுக்கு எஸ்ஏ 505. ஸ்டாக் எண்ணும்போது கூட நிக்கறதுக்கு அங்க 501, இங்கயும் 501. நம்பர் கூட மாத்தல. எங்க க்ளையண்ட் ஒருத்தர் வீட்டுத் துணி ஏற்றுமதி பண்றவரு, அவரோட ஜெர்மனி பையர் ஒரு தடவை பேலன்ஸ் ஷீட் கேட்டு வாங்கினாங்க. ரெண்டு நாள் கழிச்சு அங்க இருக்கற கணக்காளர் மெயில் போட்டாரு, ஒரே ஒரு கேள்வி, என்னோட ரிப்போர்ட்டுல ஒரு கோர்ட் கேஸைப் பத்தி தனியா ஒரு பாரா போட்டிருந்தேன், அந்த கேஸ் இப்ப எந்த நிலைமையில இருக்குன்னு. அந்த ஒரு பாரா ஏன் அங்க இருக்கு, அதுக்கு என்ன அர்த்தம்னு நான் அவருக்கு விளக்கவே வேண்டியிருக்கல. என் ஊர்ப் பேரை சரியா உச்சரிக்கக் கூட தெரியாத ஆளு, ஆனா என் ரிப்போர்ட்டை படிக்கத் தெரியுது. அன்னைக்கு சாயங்காலம் பசங்களுக்கு ஆபீஸ்ல போண்டா வாங்கிக் குடுத்தேன்.

அதே சமயம் வெளிநாட்டுல வர்றதை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து ஒட்டறதும் இல்ல. கம்பெனிக் கணக்கு எழுதறதுக்கான இந்திய ஸ்டாண்டர்டை ‘இந்த் ஏஎஸ்’னு 2015 பிப்ரவரியில அறிவிச்சு, 2016 ஏப்ரல் 1ல இருந்து 500 கோடி நெட்வொர்த் இருக்கற கம்பெனிகளுக்கு கட்டாயம் ஆக்கினாங்க, அடுத்த வருஷம் 250 கோடிக்கு இறங்குச்சு. அது சர்வதேச விதியை ஒட்டித்தான் இருக்கு, ஆனா சில இடத்துல நம்ம ஆளுங்க வேணும்னே வெட்டி விட்டுட்டாங்க. உதாரணத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கற கட்டிடம், காலி இடம் இதையெல்லாம் வருஷா வருஷம் மார்க்கெட் விலைக்கு ஏத்தி அந்த ஏத்தத்தை லாபத்துல காட்டிக்கலாம்னு வெளிநாட்டுல ஒரு வழி உண்டு. இங்க அது கிடையாது, வாங்கின விலையிலதான் கணக்குல நிக்கணும், மார்க்கெட் விலையை குறிப்புல மட்டும் சொல்லணும். நம்ம ஊர்ல பைபாஸ் ரோடு வருதுன்னு ஒரு வதந்தி கிளம்பினாலே சென்ட் விலை மூணு மடங்கு ஆகிடும், அந்த விலையை லாபக் கணக்குல விட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, இந்த வெட்டை நான் ரெண்டு கையும் தட்டி ஆதரிக்கறேன். பேங்க்குகளுக்கு இந்த் ஏஎஸ் கொண்டு வர்றதை மட்டும் ரிசர்வ் பேங்க் 2019ல தள்ளி வெச்சுட்டாங்க, அது வேற கதை.

எஸ்ஏ 600ங்கிற ஆடிட் ஸ்டாண்டர்ட் விஷயத்துல மட்டும் எனக்கு இன்ஸ்டிடியூட் மேல வருத்தம் உண்டு. ஒரு பெரிய கம்பெனிக்கு பத்து துணைக் கம்பெனி இருந்தா ஒவ்வொண்ணையும் வேற வேற ஆடிட்டர் பாப்பாங்க. மேல இருக்கற ஆடிட்டர் ‘அதை அவர் பாத்தார், நான் அவரை நம்பினேன்’னு இங்க சொல்லிக்கலாம். சர்வதேச விதிப்படி அப்படி கையைக் கழுவ முடியாது, மொத்தத்துக்கும் மேல இருக்கறவர்தான் பொறுப்பு. இதை இங்கயும் கொண்டு வரணும்னு 2024ல என்எஃப்ஆர்ஏ (பெரிய கம்பெனி ஆடிட்டைக் கண்காணிக்க அரசாங்கம் போட்ட அமைப்பு) கிளம்பினப்போ எங்க இன்ஸ்டிடியூட் எதிர்த்தாங்க, காரணம் என்னன்னா பெரிய ஃபர்ம்கள் எல்லா வேலையையும் அவங்களே அள்ளிட்டுப் போயிடுவாங்க, சின்ன ஆடிட்டர் காலி. பயம் நியாயமான பயம்தான், அதுல காலியாகறது என் மாதிரி ஆளுங்கதான். ஆனாலும் சொல்றேன், எங்களைக் காப்பாத்தறேன்னு சொல்லி உலகம் பூரா இருக்கற ஒரு விதியை தடுத்து நிறுத்தறது எனக்கு ஒட்டல, எங்களைக் காப்பாத்தணும்னா வேற இடத்துல காப்பாத்துங்க. எந்த இடத்துலன்னு கேக்கறீங்களா, அதுக்குத்தான் இந்த லெட்டரே.

ஒரு சம்பவம் சொல்றேன். க்ளையண்ட் யாரு, என்ன சரக்கு, எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன், க்ளையண்ட் ரகசியத்தை வெளியில சொன்னா அதுவே மிஸ்காண்டக்ட், அதாவது தண்டனைக்குரிய தொழில் ஒழுங்கீனம், எங்க சட்டத்தோட ரெண்டாவது அட்டவணையில முதல் ஐட்டமே அதுதான். பார்ட்னர்ஷிப் ஃபர்ம், எட்டு வருஷமா என்கிட்ட டாக்ஸ் ஆடிட். மார்ச் 31 அன்னைக்கு ஸ்டாக் எண்ண என் ஆர்ட்டிகிள் பையனைக் கூட்டிட்டு குடோனுக்குப் போனேன். அட்டைப்பெட்டி சுவர் மாதிரி அடுக்கி வெச்சிருந்தாங்க, வரிசைக்கு 12, உயரம் 6, ஆழத்துக்கு எத்தனைன்னு கேட்டா ‘ஏழு இருக்குமுங்க’ன்னு ஸ்டோர் கீப்பர் சொல்றாரு. முன்னாடி வரிசையில பையன் மூணு பெட்டியைப் பிரிச்சுப் பாத்தான், சரக்கு இருந்துச்சு. நான் எழுதிட்டு இருக்கேன், அவன் ஓரமா இருக்கற சந்துல பக்கவாட்டுல நுழைஞ்சு பின்னாடி போயிட்டான். போனவன் ஏதோ தட்டற சத்தம் கேட்டுச்சு. முன்னாடி பெட்டியைத் தட்டினா தப்புதப்புன்னு கனமா கேக்கும், பின்னாடி டொக்கு டொக்குன்னு மேளம் மாதிரி கேக்குது. உள்ள இருந்தே ‘மேடம், இங்க காலிப் பெட்டிங்க’ன்னு கத்தறான். டேப் எல்லாம் நீட்டா ஒட்டி, லேபிள் எல்லாம் போட்ட காலிப் பெட்டி. அஞ்சு வரிசை.

எண்ணி முடிச்சப்போ எங்க கணக்குக்கு 1 கோடியே 90 லட்சம் வந்துச்சு. சிசி லிமிட்டுக்காக (சரக்கைக் காட்டி பேங்க்ல வாங்கற கடன் வரம்பு) அந்த மாசம் பேங்க்குக்கு குடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்ல 3 கோடியே 40 லட்சம். முதலாளி எங்களை உள்ள கூப்பிட்டு இளநி வெட்டிக் குடுத்தாரு, நல்ல மனுசன்தான், என் பையன் காலேஜ் சேர்றப்போ கூட உதவி பண்ணினவரு. ‘ஏனுங்க ஆடிட்டரம்மா, இது ஊர்ல எல்லாரும் பண்றதுதானுங்களே, ரெண்டு சீசன் ஓடினா நேர் பண்ணிடுவேன், பேங்க்ல சொன்ன ஃபிகரையே இந்த வருசம் மட்டும் போட்டுடுங்க’ன்னாரு. எனக்கு அன்னைக்கு தர்ம நியாயம் எல்லாம் பேச வரல, உண்மையைச் சொல்றேன். நான் சொன்னது இதுதான்: ‘அண்ணா, எனக்கு ஆசைதான், ஆனா எங்க இன்ஸ்டிடியூட் விடாதுங்கண்ணா. நாளைக்கு யாராவது ஃபைலைக் கேட்டா இந்தப் பையன் எழுதின எண்ணிக்கைத் தாள் உள்ள இருக்கும், அதை கிழிக்க முடியாது, ஏழு வருசம் வெச்சிருக்கணும்.’

அந்த ஒரு வரிதாங்க எங்களுக்கு கவசம். ‘எனக்குப் பிடிக்கல’ன்னு ஒரு சின்ன ஊர் ஆடிட்டர் எட்டு வருச க்ளையண்ட்கிட்ட சொல்லவே முடியாது, கல்யாணம் காதுகுத்துல மூஞ்சி பாக்கணும். ‘எங்க இன்ஸ்டிடியூட் விடாது’ன்னு சொன்னா சொல்லலாம். சர்வதேச ஸ்டாண்டர்ட், ஒழுக்க நெறி, இதெல்லாம் எதுக்குன்னு யாராவது என்னைக் கேட்டா நான் சொல்றது அதுதான், மறுக்கறவனுக்கு முதுகுல சாஞ்சுக்க ஒரு சுவர்.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? அவரு கோச்சுக்கல. நாலு நாள் கழிச்சு ஃபைல் எல்லாம் திருப்பி வாங்கிட்டுப் போக ஆள் அனுப்பினாரு. வேற ஒரு ஆடிட்டர்.

இங்கதான் எங்க சட்டத்துல ஒரு அருமையான ஏற்பாடு இருக்கு. முதல் அட்டவணை, முதல் பகுதி, எட்டாவது ஷரத்து. ஒரு ஆடிட்டர் பாத்துட்டு இருந்த வேலையை இன்னொருத்தர் எடுக்கறதுக்கு முன்னாடி பழைய ஆடிட்டருக்கு எழுத்துல தெரியப்படுத்தணும். தெரியப்படுத்தாம எடுத்தா மிஸ்காண்டக்ட். சர்வதேச ஒழுக்க நெறியிலயும் இதே எண்ணம்தான், வேலையை ஏத்துக்கறதுக்கு முன்னாடி முந்தினவர்கிட்ட கேளு, ஏத்துக்கக் கூடாத காரணம் ஏதாவது இருக்கான்னு. இதை நாங்க பேச்சு வழக்குல என்ஓசின்னு சொல்லுவோம், அந்தப் பேரே தப்பு, என்னமோ பைக் லோன் முடிச்சு பைனான்ஸ் கம்பெனியில வாங்கற தாள் மாதிரி ஆயிடுச்சு. இதோட நோக்கம் ஃபீஸ் பாக்கி இருக்கான்னு கேக்கறது மட்டும் இல்ல, பழைய ஆடிட்டர் ஏன் போறார்னு கேக்கறது.

எனக்கும் லெட்டர் வந்துச்சு, ரிஜிஸ்டர் போஸ்ட், அக்னாலெட்ஜ்மெண்ட் கார்டோட. மூணு வரி. ‘இந்த ஃபர்மின் ஆடிட்டராக நியமிக்கப்பட உள்ளேன், ஆட்சேபணை இருப்பின் தெரிவிக்கவும்.’ நான் ரெண்டு நாள் யோசிச்சேன். பேசினா க்ளையண்ட் ரகசியம், பேசலைன்னா அந்தப் பெட்டி. கடைசியில ஜாக்கிரதையா எழுதினேன், மார்ச் 31 சரக்கு இருப்பு விஷயத்துல கருத்து வேறுபாடு, க்ளையண்ட் எழுத்துல அனுமதி குடுத்தா என்னோட வொர்க்கிங் பேப்பரை காட்டத் தயார், ஏத்துக்கறதுக்கு முன்னாடி நேர்ல போய் குடோனைப் பாருங்கன்னு. அதையும் ரிஜிஸ்டர் போஸ்ட்லதான் அனுப்பினேன். பதில் இல்ல. போன் இல்ல. அந்த வருஷம் அந்த ஃபர்முக்கு டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் டயத்துக்கு ஃபைல் ஆச்சு, லிமிட்டும் ரினியூ ஆச்சுன்னு பஜார்ல பேசிக்கிட்டாங்க. குடோனைப் போய்ப் பாத்தாரா பாக்கலையான்னு எனக்குத் தெரியாது, அதனால அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா நான் எழுதின லெட்டர் எங்க போச்சு? அவரோட ஃபைல்ல ஒரு காகிதம், என்னோட ஃபைல்ல ஒரு காகிதம், நடுவுல இன்ஸ்டிடியூட்டுக்கு ஒண்ணுமே தெரியாது.

விதிப்படி அவரு லெட்டர் போட்டதோட கடமை முடிஞ்சுது. நான் என்ன பதில் எழுதினாலும் அதை அவரு ‘பரிசீலிச்சா’ போதும். பரிசீலிச்சார்னு யாரு பாக்கறது? நானே மத்தவங்களுக்கு இந்த மாதிரி வர்ற லெட்டருக்கு எத்தனை தடவை ‘ஆட்சேபணை இல்லை’ன்னு ஒரே வரியில எழுதி அனுப்பியிருக்கேன், எதுக்கு வம்புன்னு. அதையும் ஒத்துக்கறேன்.

இன்ஸ்டிடியூட் நெனச்சா முடியாதது இல்ல, யூடின்னு நாங்க கையெழுத்துப் போடற ஒவ்வொரு காகிதத்துக்கும் எடுக்கற தனி நம்பர் இருக்கே, அது ஒண்ணே போதும் சாட்சிக்கு. முன்னாடி எல்லாம் சிஏவே இல்லாத ஆளுங்க ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு வெச்சுக்கிட்டு நெட்வொர்த் சர்டிபிகேட் குடுத்துட்டு இருந்தாங்க, செத்துப் போன ஆடிட்டர் கையெழுத்துல எல்லாம் சர்டிபிகேட் வந்த காலம் அது. 2019 பிப்ரவரி 1ல இருந்து சர்டிபிகேட்டுக்கு, ஏப்ரல்ல இருந்து டாக்ஸ் ஆடிட்டுக்கு, ஜூலையில இருந்து மத்த ஆடிட் எல்லாத்துக்கும் யூடின் கட்டாயம்னு கொண்டு வந்தாங்க. 18 இலக்கம், முதல் ரெண்டு இலக்கம் வருஷத்தைக் குறிக்கும், அடுத்த ஆறு எங்க மெம்பர்ஷிப் நம்பர், மீதி பத்தும் கம்ப்யூட்டரே போட்டுக்கும். நாங்க எந்த ஃபிகருக்கு கையெழுத்து போட்டோம்னு அந்த போர்ட்டல்லயே பதிவாகும், பேங்க் மேனேஜர் உக்காந்த இடத்துலயே நம்பரை அடிச்சு செக் பண்ணிக்கலாம். இது எந்த வெளிநாட்டு ஸ்டாண்டர்ட்லயும் எழுதிக் குடுத்தது இல்ல, இங்கயே யோசிச்சு பண்ணினது. ஆரம்பத்துல நாங்க எல்லாம் திட்டினோம், சைட் வேற படுத்துடும், இப்ப யூடின் இல்லாம ஒரு காகிதத்தை யாரும் வாங்கறதே இல்ல.

அதே மாதிரி இந்த எட்டாவது ஷரத்து லெட்டரையும் போர்ட்டலுக்கு கொண்டு வாங்கங்கறேன். புது ஆடிட்டர் அதுலதான் கேக்கணும், பழைய ஆடிட்டர் அதுலதான் பதில் சொல்லணும், ‘கருத்து வேறுபாடு உண்டு’ன்னு ஒரு கட்டம் டிக் பண்ணினா அந்த க்ளையண்ட்டோட அந்த வருஷ யூடின் எடுக்கும்போது புது ஆடிட்டர் என்ன பாத்தேன்னு நாலு வரி எழுதினாதான் நம்பர் வரணும். க்ளையண்ட் ரகசியம் யாருக்கும் போகாது, இன்ஸ்டிடியூட் உள்ளயே இருக்கும். இப்படி டிக் ஆன கேஸ்களை பியர் ரிவியூவுக்கு வர்றவங்க முதல்ல எடுத்துப் பாக்கட்டும். சாஃப்ட்வேர்ல ரெண்டு மாச வேலை. இதைத்தான் எங்களைக் காப்பாத்தற இடம்னு முன்னாடி சொன்னேன்.

பியர் ரிவியூன்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும், அது 2002ல இருந்தே இருக்கு, ஒரு சிஏ ஃபர்மை இன்னொரு சிஏ வந்து சோதிக்கறது. லிஸ்டட் கம்பெனி (ஷேர் மார்க்கெட்ல இருக்கற கம்பெனி) ஆடிட் பண்ணணும்னா அந்த சர்டிபிகேட் இருந்தே ஆகணும். நல்ல ஏற்பாடு, ஆனா வர்றவர் ஃபைல் பாக்கறாரு, குடோன் பாக்கறது இல்ல. ரிவியூ தேதி வந்ததும் எல்லா ஆபீஸ்லயும் ஆர்ட்டிகிள் பசங்க ராத்திரி உக்காந்து செக்லிஸ்ட் நிரப்புவாங்க, எங்க ஆபீஸ்லயும் ஒரு தடவை நடந்திருக்கு, ரிப்போர்ட் தேதிக்கு அப்புறம் 60 நாளுக்குள்ள ஃபைலை மூடணும்னு எஸ்ஏ 230 சொல்லுது, நாங்க எந்த மாசம் பேனா எடுத்தோம்னு கேக்காதீங்க.

பிராக்டிஸ் பண்ற எங்களுக்கு மூணு வருசத்துல 120 மணி நேரம் படிப்புன்னு ஒண்ணு உண்டு, அதுவும் உலக அளவுல இருக்கற கணக்குதான். ஹோட்டல் ஹால்ல செமினார், மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற ஸ்பீக்கர் பாவம். ஆனா நல்ல ஆளு வந்து பேசினா அது ஒரு வருசத்துக்கு தாங்கும். சத்யம்ங்கிற சாஃப்ட்வேர் கம்பெனியோட கணக்கு மோசடி கேஸைப் பத்தி ஒருத்தர் பேசினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. 2009 ஜனவரி 7ல அந்த சேர்மன் தானே லெட்டர் எழுதி ஒத்துக்கிட்டாரு, கணக்குல காட்டின ரொக்கமும் பேங்க் பேலன்ஸும் சேர்த்து 5,361 கோடி, அதுல 5,040 கோடி இல்லவே இல்லைன்னு. ஸ்பீக்கர் மேடையில ஒரு ஸ்டாம்ப் ஒட்டின கவரைத் தூக்கிக் காட்டி, ‘பேங்க்குக்கு இதை ஆடிட்டரே போஸ்ட் பண்ணி, பதில் ஆடிட்டர் ஆபீசுக்கே நேரா வந்திருந்தா?’ன்னு கேட்டுட்டு ஒரு நிமிஷம் சும்மா நின்னாரு. எஸ்ஏ 505 அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. அதுக்கப்புறம் எங்க ஆபீஸ்ல பேங்க் கன்ஃபர்மேஷன் லெட்டரை க்ளையண்ட் கையில குடுத்து விடறதே கிடையாது, பையன் போஸ்ட் ஆபீஸ் போய் ரசீதோட வரணும்.

ஆனா தண்டனை விஷயத்துல இன்ஸ்டிடியூட் மேல ஜனங்களுக்கு இருக்கற கோபம் முழுசும் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். புகார் குடுத்தா வருசக்கணக்கா இழுக்குது, எங்க ஆளை எங்க ஆளே விசாரிக்கறதுன்னு பேரு. அந்த மந்தத்தோட விளைவுதான் 2018 அக்டோபர் 1ல வந்த என்எஃப்ஆர்ஏ. லிஸ்டட் கம்பெனி, பெரிய கம்பெனி ஆடிட் எல்லாம் இப்ப அவங்க கண்காணிப்புல போயிடுச்சு. 2022ல சட்டத்தையும் திருத்தி, விசாரணைக் கமிட்டிக்கு சிஏ அல்லாத ஒருத்தரைத் தலைவரா போடணும்னு கொண்டு வந்தாங்க, அப்போ எங்க சங்கத்துல பெரிய சலசலப்பு, தன்மானம் போச்சுன்னு. எனக்கு அதுல வருத்தமே இல்ல, வெளியாள் உக்காந்தா நல்லதுதான்னு அன்னைக்கே எந்திரிச்சு சொன்னேன், யாரும் கை தட்டல. அதே வருசம் நவம்பர்ல உலகக் கணக்காளர் மாநாடு மும்பையில நடந்துச்சு, 118 வருச வரலாற்றுல இந்தியாவுல முதல் தடவை. பேனர்ல எல்லாம் நம்பிக்கை நம்பிக்கைன்னு போட்டிருந்தாங்க. எனக்கு மட்டும் அந்த மூணு வரி லெட்டர் ஞாபகம் வந்துச்சு.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள் ஆசிரியரே. கம்பெனியா இருந்தா ஆடிட்டர் பாதியில விலகும்போது காரணம் சொல்லி 30 நாளுக்குள்ள ஏடிடி-3ன்னு ஒரு ஃபாரம் போடணும். லிஸ்டட் கம்பெனின்னா ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கற செபி 2019ல போட்ட சர்க்குலர்படி இன்னும் விவரமா சொல்லணும். ஃபர்ம்களுக்கு இது எதுவும் கிடையாது, அதனாலதான் என் கதை அந்த குடோனோட முடிஞ்சுது, ஆனா நீங்க எழுதறது கம்பெனிகளைப் பத்திதானே. கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தோட வெப்சைட்ல 100 ரூபாய் கட்டினா அந்தக் கம்பெனி ஃபைல் பண்ணின காகிதங்களை யார் வேணாலும் பாக்கலாம். அடுத்த தடவை இந்த மாதிரி செய்தி வந்தா, இப்ப இருக்கற ஆடிட்டர் என்ன பண்ணிட்டு இருந்தாருன்னு தாராளமா கேளுங்க. கூடவே உங்க நிருபர் கையில ஒரு 100 ரூபாயைக் குடுத்து, அவருக்கு முன்னாடி இருந்தவர் எந்த வருசம் போனாரு, போகும்போது என்ன எழுதி வெச்சுட்டுப் போனாருன்னு பாத்து அதையும் சேர்த்துப் போடுங்க.

பேரு போட வேண்டாம்ங்க. போட்டா விளம்பரம் தேடிக்கிட்டேன்னு ஆறாவது ஷரத்துல என்மேலயே எவனாவது புகார் குடுத்துடப் போறான்.

இப்படிக்கு,
கொங்கு பக்கத்துல இருந்து ஒரு சிஏ